வேலை நேர ஆப்பையும் வெதர் டேட்டாவையும் தானா ஓடுற மாதிரி கோர்த்து விடுறது எப்படி

வெயில்லயும் மழையிலயும் நின்னு வேலை பாக்குற ஆளுங்களோட டைம்ஷீட்டை எடுத்துப் பாருங்க, யார் எத்தனை மணிக்கு வந்தாங்க எத்தனை மணிக்குக் கிளம்புனாங்க எந்த ப்ராஜெக்ட்னு எல்லாம் இருக்கும், ஆனா அன்னைக்கு மழை கொட்டுச்சா, வெயில் மண்டையைப் பிளந்துச்சா, காத்துல ஏணி நிக்கவே இல்லையான்னு ஒரு வரி கூட இருக்காது. மூணு மாசம் கழிச்சு "அந்த வாரம் ஏன் வேலை பாதிதான் முடிஞ்சுது"ன்னு கிளையண்ட் கேக்கும்போதோ, "இவர் ஏன் அன்னைக்கு ரெண்டு மணி நேரம் சும்மா இருந்தாரு"ன்னு ஆபீஸ்ல கேக்கும்போதோ பதில் சொல்ல ஞாபகத்தைத்தான் நம்பணும். அந்த மாதிரி வாக்குவாதத்துல பெரும்பாலும் தோக்குறது வேலை பார்த்த ஆளுதான், கையில ஒரு ஆதாரமும் இல்லாததால. அதனாலதான் இந்த ரெண்டையும் இணைக்கிறது வெறும் டெக் வேலைன்னு நான் நினைக்கல.

கட்டட வேலை, ரோடு வேலை, சோலார் பேனல் மாட்டுறவங்க, டவர் ஏறுறவங்க, வெளிச்சுவர் பெயிண்டிங், சர்வே, பைக் டெலிவரி, தோட்டப் பராமரிப்புன்னு வானத்தைப் பார்த்து வேலை செய்யுற எந்த டீமுக்கும் இது பொருந்தும். ரூமுக்குள்ள உக்காந்து வேலை பாக்குற டீமுக்கு இது தேவையே இல்ல.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விதி, மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்தான். வெதர் டேட்டா யாரோட வேலை நேரத்தையும் தொடவே கூடாது. மழை வந்தா டைமரைத் தானா நிறுத்துறது, மழை பெஞ்ச மணியைத் தானா கழிச்சுடறது, இதெல்லாம் செட் பண்றது ரொம்ப சுலபம், சுலபமா இருக்குறதாலதான் ஆபத்து. மழை பெய்யும்போது அந்த ஆளு சும்மா நின்னாரா, இல்ல தார்ப்பாய் போட்டு சிமெண்ட் மூட்டையை நனையாம காப்பாத்துனாரா, இல்ல ஷெட்டுக்குள்ள உக்காந்து அடுத்த வேலைக்குக் கம்பி வளைச்சாரான்னு எந்த ஏபிஐக்கும் (ஒரு ஆப்கிட்ட இன்னொரு ஆப் டேட்டா கேட்டு வாங்குற வழி) தெரியாது. அதனால ஆட்டோமேஷன் பக்கத்துல குறிப்பு எழுதட்டும், முன்கூட்டியே எச்சரிக்கை அனுப்பட்டும், ஆனா நேரத்தைக் கூட்டுறதும் குறைக்கிறதும் ஆளைக் கேட்டு ஆள் எடுக்குற முடிவா இருக்கட்டும். கீழ நான் சொல்ற எல்லா செட்டப்பும் இந்த விதிக்குள்ளதான்.

முதல்ல ஒரு ஷீட், அப்புறம்தான் ஆப்

நிறைய பேர் நேரா ஸேப்பியரை (ஆப்களை ஒண்ணோட ஒண்ணு இணைக்கிற சேவை) திறந்து ரெண்டு ஆப்பையும் கனெக்ட் பண்ணப் போயிடுவாங்க, அங்க போனதும் எந்த இடத்தோட வெதரை எடுக்குறதுன்னு முழிப்பாங்க. டைம் என்ட்ரில ப்ராஜெக்ட் பேர் இருக்கும், இடம் இருக்காது. வெதர் ஏபிஐக்கு இடம் மட்டும்தான் வேணும், ப்ராஜெக்ட் தெரியாது. இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு பாலம் வேணும், அதுதான் இந்த ஷீட்.

ஒவ்வொரு சைட்டுக்கும் ஒரு வரி. அதுல டைம் ஆப்ல இருக்குற ப்ராஜெக்ட் ஐடி, அட்சரேகை, தீர்க்கரேகை, டைம்ஸோன், வெளிவேலையா உள்வேலையான்னு ஒரு கட்டம், அந்த சைட்டுக்கான மழை, காத்து, வெப்ப வரம்பு. பேரை வச்சு மேட்ச் பண்ணாதீங்க, யாராவது ஒருநாள் ப்ராஜெக்ட் பேர்ல ஒரு ஸ்பேஸ் சேர்த்தாலே எல்லாம் அறுந்துடும், ஐடி மாறாது. ஊர் பேர் குடுத்தும் வெதர் கேக்காதீங்க, ஒரே பேர்ல வேற வேற நாட்டுல ஊர் இருக்கும், எங்கேயோ இருக்குற மழை உங்க டைம்ஷீட்ல வந்து உக்காரும். அட்சரேகை தீர்க்கரேகைக்கு ரெண்டு டெசிமல் போதும், அது சுமாரா ஒரு கிலோமீட்டர் துல்லியம், வெதரைக் கணிக்கிற கம்ப்யூட்டர் மாடல் நிலத்தைப் பிரிக்கிற கட்டமே அதைவிடப் பல மடங்கு பெருசு.

இன்னொரு விஷயம், இடத்தை சைட்டுல இருந்து எடுங்க, ஆளோட போன்ல இருந்து எடுக்காதீங்க. மழை பெஞ்சுதான்னு தெரிஞ்சுக்க ஒருத்தர் எங்க நிக்குறாருன்னு நாள் முழுக்க ஜிபிஎஸ்ல பின்தொடர வேண்டிய அவசியமே கிடையாது. டெலிவரி மாதிரி ஓடிக்கிட்டே இருக்குற வேலைன்னா அன்னைக்கு அவங்க பாக்குற ஏரியாவோட நடுப்புள்ளியைப் போட்டாலே போதும்.

எந்த ஆப்ஸ்

டைம் பக்கம் க்ளாக்கிஃபை, டாகிள் ட்ராக், ஹார்வெஸ்ட், குவிக்புக்ஸ் டைம் இப்படி எது வச்சிருந்தாலும் சரி, பாக்க வேண்டியது ஏபிஐ இருக்கா, வெப்ஹூக் இருக்கான்னு மட்டும்தான். ஏபிஐன்னா நாம போய்க் கேட்டா பதில் தரும், வெப்ஹூக்னா ஒருத்தர் டைமரை ஆரம்பிச்சதுமே அதுவா நம்ம அட்ரஸுக்குத் தகவல் அனுப்பிடும். ராத்திரி உக்காந்து கணக்கு எழுதுறதுக்கு ஏபிஐ போதும், உடனே எச்சரிக்கை போகணும்னா வெப்ஹூக் வேணும்.

வெதர் பக்கம் ஓப்பன்-மீட்டியோவும் ஓப்பன்வெதரும் ஆரம்பிக்க நல்லது. ஓப்பன்-மீட்டியோக்கு கீ (நம்மளை அடையாளம் காட்டுற ரகசியக் குறியீடு) கூட வேண்டாம், ஒரு யூஆர்எல்ல இடத்தைப் போட்டா மணிவாரியா எல்லாம் வந்துடும், ஒரு நாளைக்கு 10,000 கால் (ஒரு தடவை டேட்டா கேக்குறது ஒரு கால்) வரை இலவசம். ஆனா அந்த இலவசம் வணிகம் இல்லாத பயன்பாட்டுக்கு மட்டும்தான், கம்பெனி டைம்ஷீட்டுக்கு ஓட்டுனா அது வணிகம்தான், அதனால டெஸ்ட் முடிஞ்சதும் பணம் கட்டுற ப்ளானுக்கு மாறிடுங்க. ஓப்பன்வெதரோட ஒன் கால் 3.0-ல ஒரு நாளைக்கு 1,000 கால் இலவசம், அதுக்கு மேல கால் கணக்குல காசு, அரசு வானிலைத் துறைகள் விடுற எச்சரிக்கைகளும் அதே பதில்லயே சேர்ந்து வரும், அது பெரிய வசதி.

நடுவுல ஓட்டுறதுக்கு ஸேப்பியர், மேக் (முன்னாடி இன்டெக்ரோமேட்னு இருந்துச்சே, அதான்), என்8என், கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்ட். என் கருத்தைக் கேட்டா, "இன்னைக்கு மழை வருமா"ன்னு காலைல ஒரு மெசேஜ் மட்டும் போதும்னா ஸேப்பியர்ல உள்ளயே இருக்குற வெதர் ட்ரிக்கர் போதும், கோடு எழுதவே வேண்டாம். ஆனா ஒவ்வொரு டைம் என்ட்ரியோட மணியையும் அந்த மணியோட மழையையும் பொருத்தணும்னா அது கணக்கு வேலை, அங்க ஸேப்பியர் ஸ்டெப் ஸ்டெப்பா நீண்டுக்கிட்டே போகும், என்8என் இல்ல ஆப்ஸ் ஸ்கிரிப்ட்தான் சரி. என்8என்ல க்ளாக்கிஃபை, டாகிள், ஹார்வெஸ்ட், ஓப்பன்வெதர் எல்லாத்துக்கும் ரெடிமேட் நோடு இருக்கு, சொந்த சர்வர்லயும் ஓட்டலாம், ஆளுங்க டேட்டா வெளிய போகாது. ஆப்ஸ் ஸ்கிரிப்ட்ல ஷீட்டும் கோடும் ஒரே இடத்துல இருக்கும், ஆனா ஒரு தடவை ஓடுறதுக்கு 6 நிமிஷம்தான் லிமிட், அப்புறம் "ராத்திரி 11 மணிக்கு ஓடு"ன்னு சொன்னா 11-க்கும் 12-க்கும் நடுவுல எப்ப வேணும்னாலும் ஓடும், நிமிஷக் கணக்குல துல்லியம் வேணும்னா அதை நம்பாதீங்க.

ராத்திரி ஓடுற கணக்கு: மணிக்கு மணி மழை

முதல்ல இதைத்தான் கட்டணும், மீதி எல்லாம் இது மேலதான் நிக்கும். தினமும் ராத்திரி ஒரு தடவை ஓடணும், ஓடும்போது டைம் ஆப்ல இருந்து கடைசி மூணு நாள் என்ட்ரிகளை எடுக்கணும், இன்னைக்கு மட்டும் எடுத்தா பத்தாது, ஏன்னா ஆளுங்க மறுநாள் காலைல வந்து "நேத்து ஸ்டாப் பண்ண மறந்துட்டேன்"னு திருத்துவாங்க, மூணு நாள் எடுத்தா அந்தத் திருத்தமும் சேர்ந்து வந்துடும். அதுல வெளிவேலை ப்ராஜெக்ட்டை மட்டும் வடிகட்டுங்க. இன்னும் ஓடிக்கிட்டு இருக்குற டைமரை ஒதுக்கிடுங்க, க்ளாக்கிஃபைல அதுக்கு முடிவு நேரம் காலியா இருக்கும், டாகிள்ல அந்த நேர அளவு மைனஸ்ல வரும், அதைத் தெரியாம கூட்டுனா மொத்தமே தலைகீழாப் போயிடும்.

அடுத்து வெதர். இங்க ஒரு சின்ன யுக்தி இருக்கு, ஒவ்வொரு என்ட்ரிக்கும் ஒரு கால் போடாதீங்க. ஒரு சைட்ல 20 பேர் இருந்தா 20 பேருக்கும் ஒரே வானம்தான், ஓப்பன்-மீட்டியோல சைட்டுக்கு ஒரு கால் போட்டா 24 மணியும் ஒரே பதில்ல வந்துடும். அதை வெதர்னு தனி ஷீட்ல சைட் ஐடி, மணி, மழை மி.மீ., வெப்பம், ஈரப்பதம், சராசரிக் காத்து, திடீர் வீச்சுக்காத்துன்னு ஒரு மணிக்கு ஒரு வரியா எழுதி வைங்க, அப்புறம் என்ட்ரி ஷீட்ல இருந்து அதைத் தேடி எடுத்துக்கலாம்.

இப்ப ஒரு என்ட்ரியை எடுத்துக்குவோம். ஒருத்தர் காலைல 9.40-ல இருந்து 12.15 வரை கூரை மேல வேலை, மொத்தம் 155 நிமிஷம். ஓப்பன்-மீட்டியோல மழை எண் எப்படி வருதுன்னா, 11 மணின்னு போட்டிருக்குற எண் 10-ல இருந்து 11 வரைக்கும் பெஞ்ச மழை, அதாவது முடிஞ்ச மணியோட மொத்தம். இதைக் கவனிக்காம 11 மணி எண்ணை 11-12க்குன்னு எடுத்துட்டா டைம்ஷீட் முழுக்க ஒரு மணி நேரம் தள்ளி உக்காந்துடும், மழை நின்ன அப்புறம் வேலை பார்த்தவர் மழையில வேலை பார்த்த மாதிரியும் மழையில நனைஞ்சவர் வெறும் வானத்துக்குக் கீழ நின்ன மாதிரியும் பதிவாகிடும். அப்போ 9.40 முதல் 12.15 வரை வேலை பார்த்தவருக்கு நாம எடுக்க வேண்டியது 10, 11, 12, 13 மணி எண்கள். அது வரிசையா 0.0, 4.2, 6.8, 0.4 மி.மீ.ன்னு வச்சுக்கோங்க. குறிப்பு இப்படி விழணும்: "10.00–12.00 மழை 11.0 மி.மீ., வேலை நேரம் தொட்ட மணிகளோட மொத்தம் 11.4 மி.மீ."

சில பேர் இங்க இன்னும் ஒரு படி போயி, 12-க்கு மேல 15 நிமிஷம்தானே இருந்தாரு, 0.4-ல கால்வாசி 0.1-ன்னு பிரிப்பாங்க. அது வேண்டாம். மழை ஒரு மணி நேரமும் சமமா பெய்யாது, பத்து நிமிஷத்துல அடிச்சு ஊத்திட்டு நிக்கும், அந்தப் பத்து நிமிஷம் எப்போன்னு இந்த எண்ணுல இல்ல. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதுற எண்ணைவிட "இந்த மணிகளைத் தொட்டுச்சு"ன்னு நேர்மையா எழுதுறது மேல். அதே மாதிரி 0.1 மி.மீ.க்கெல்லாம் குறிப்பு எழுத வேண்டாம், தரை கூட நனையாது. ஒரு மில்லிமீட்டர்னா ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணி, இதை வச்சு உங்க வேலைக்கு எந்த அளவுல நிறுத்த வேண்டி வரும்னு சூப்பர்வைசரோட உக்காந்து பேசி முடிவு பண்ணுங்க, பெயிண்டிங்குக்கு ஒரு அளவு, குழி தோண்டுறதுக்கு வேற அளவு.

டைம்ஸோன்ல நிறைய பேர் மாட்டுவாங்க. க்ளாக்கிஃபை ஏபிஐ நேரத்தை யுடிசில (உலகப் பொது நேரம்) தரும், கடைசில ஸெட்னு ஒரு எழுத்து இருக்கும், அதான் அடையாளம். ஓப்பன்வெதர் 1970-ல இருந்து எண்ணுன விநாடிக் கணக்கா தரும், அதுவும் யுடிசிதான். அதனால ரெண்டு பக்கமும் யுடிசிலயே வாங்கி யுடிசிலயே பொருத்துங்க, மனுஷன் படிக்கிற ஷீட்ல காட்டும்போது மட்டும் லோக்கல் நேரத்துக்கு மாத்துங்க. யுடிசிக்கும் உங்க நேரத்துக்கும் அரை மணிக் கணக்குல வித்தியாசம் இருக்குற இடம்னா (+5.30 மாதிரி) இது இன்னும் முக்கியம், ஏன்னா யுடிசி முழு மணிக்கு வர்ற எண் உங்க கடிகாரத்துல அரை மணில வந்து விழும், 9.30–10.30, 10.30–11.30ன்னு. அதை முழு மணிக்கு ரவுண்டு பண்ணீங்கன்னா எல்லா வரியும் அரை மணி தப்பு.

யூனிட்டையும் ஒரு தடவை பார்த்துடுங்க. ஓப்பன்வெதர் நாம எதுவும் சொல்லலைன்னா வெப்பத்தைக் கெல்வின்ல தரும், 32 டிகிரிக்கு 305-ன்னு வரும், "35-ஐத் தாண்டுனா எச்சரிக்கை"ன்னு வச்சிருந்தா குளிர்காலத்துலயும் எச்சரிக்கை அடிச்சுக்கிட்டே இருக்கும். மெட்ரிக்னு கேட்டா வெப்பம் செல்சியஸ்ல வரும், ஆனா காத்து மீட்டர்/விநாடில வரும், ஓப்பன்-மீட்டியோல காத்து கி.மீ./மணில வரும். விநாடிக்கு 10 மீட்டர்னா மணிக்கு 36 கி.மீ., 3.6 ஆல பெருக்குறதை மறந்தா சூறைக்காத்து கூட இளங்காத்தா தெரியும். உயரத்துல வேலைன்னா சராசரியைப் பாக்காதீங்க, வீச்சுக்காத்தைப் பாருங்க, ஏணியைச் சாய்க்கிறது அதுதான். இந்தக் காத்து எண் தரைல இருந்து 10 மீட்டர் உயரத்துக்கானது, 40 மீட்டர் டவர் மேல அதைவிட அதிகமா இருக்கும்னு வச்சுத்தான் வரம்பு போடணும்.

வெயில்: டைம் ஆப்புக்கு மட்டுமே தெரிஞ்ச விஷயம்

இந்த ரெண்டு டேட்டாவையும் இணைக்கிறதோட உண்மையான பலன் இங்கதான் இருக்குன்னு நான் நம்புறேன், ஆனா யாரும் இதைச் செட் பண்றதில்ல. வெயில்ல மயங்கி விழுறது எல்லாருக்கும் ஒரே மாதிரி ஆபத்து இல்ல. வேலைக்குப் புதுசா வந்தவங்களுக்கும், ஒரு வாரமோ அதுக்கு மேலயோ லீவுல இருந்துட்டுத் திரும்பி வந்தவங்களுக்கும்தான் ஆபத்து ரொம்ப அதிகம், ஏன்னா உடம்பு வெப்பத்துக்குப் பழக நாள் எடுக்கும், விட்டா அந்தப் பழக்கம் போயிடும். அமெரிக்காவோட நியாஷ்ங்கிற தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் சொல்ற அளவு என்னன்னா, புது ஆளுக்கு முதல் நாள் வெயில் வேலை வழக்கமான நேரத்துல 20 சதவீதம் மட்டும், அப்புறம் ஒவ்வொரு நாளும் 20 சதவீதத்துக்கு மேல கூட்டக்கூடாது. அனுபவம் உள்ளவர் திரும்பி வந்தா முதல் நாள் 50, ரெண்டாவது நாள் 60, மூணாவது நாள் 80, நாலாவது நாள் முழுசு.

இப்ப யோசிச்சுப் பாருங்க, யார் புதுசு, யார் எத்தனை நாள் கழிச்சு வர்றாங்கன்னு வெதர் ஆப்புக்குத் தெரியாது, டைம் ஆப்புக்குத் தெரியும். நாளைக்கு வெயில் கொளுத்தும்னு டைம் ஆப்புக்குத் தெரியாது, வெதர் ஆப்புக்குத் தெரியும். ரெண்டையும் சேர்த்தா சாயங்காலமே சூப்பர்வைசருக்கு ஒரு மெசேஜ் போயிடும்: "நாளைக்கு மதியம் 12–4 கடும் வெயில், இந்த ரெண்டு பேர் 9 நாள் கழிச்சு வர்றாங்க, 8 மணி நேர ஷிப்ட்ல வெயில் வேலை 4 மணி நேரத்துக்கு மேல வேண்டாம்." செட் பண்றது கஷ்டமே இல்ல, ஒவ்வொரு ஆளுக்கும் கடைசியா வெளிவேலை பார்த்த தேதி என்னன்னு ராத்திரி ஓடுற கணக்குலயே ஒரு கட்டத்துல எழுதி வச்சுக்கோங்க, நாளைக்கு ஷிப்ட்ல பேர் இருக்குறவங்களோட அந்தத் தேதியைக் கழிச்சா இடைவெளி வந்துடும், 7 நாளைத் தாண்டுனா லிஸ்ட்ல சேரு, தேதியே இல்லன்னா புது ஆளுன்னு சேரு, அவ்வளவுதான். லீவு எதுக்குப் போனாங்கன்னு அந்த மெசேஜ்ல வரவே கூடாது, நாள் கணக்கு மட்டும் போதும்.

கடும் வெயில்னா எது? வெறும் வெப்ப எண்ணை மட்டும் பாக்காதீங்க, ஈரப்பதம் சேர்ந்தா கதையே வேற. 32 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம்னா ஹீட் இண்டெக்ஸ் (ஈரப்பதத்தையும் சேர்த்து உடம்பு உணர்ற வெப்பம்) 41 கிட்ட வரும். அந்த ஹீட் இண்டெக்ஸும் நிழல்ல இருக்குறவங்களுக்கான எண்தான், நேரடி வெயில்ல 8 டிகிரி வரைக்கும் கூடலாம், கூரை மேல நிக்குறவருக்கு வரம்பு போடும்போது இதை மனசுல வச்சுக்கோங்க. இன்னும் சரியா செய்யணும்னா டபிள்யூபிஜிடின்னு வெப்பம், ஈரப்பதம், வெயில், காத்து எல்லாத்தையும் சேர்த்த ஒரு அளவு இருக்கு, வெப்பத்துல வேலை செய்யறதுக்கான ஐஎஸ்ஓ 7243ங்கிற சர்வதேசத் தரம் இதை வச்சுத்தான், வெளியிடத்துல ஈரக் குமிழ் வெப்பம் (ஈரத்துணி சுத்துன தெர்மாமீட்டர் காட்டுறது) 0.7 பங்கு, கருப்புக் கோள வெப்பம் (கருப்பு உருண்டைக்குள்ள இருக்குற தெர்மாமீட்டர் காட்டுறது) 0.2 பங்கு, சாதாரணக் காத்து வெப்பம் 0.1 பங்குன்னு கூட்டுவாங்க. அதுக்கு சைட்லயே ஒரு மீட்டர் வச்சா நல்லது, பெரிய டீமா இருந்தா கண்டிப்பா வைங்க.

எச்சரிக்கைக்கு ரெண்டு வரம்பு வைங்க, ஹீட் இண்டெக்ஸ் 40-ல ஆரம்பி, 38-க்குக் கீழ வந்தாதான் நிறுத்துன்னு. ஒரே எண் வச்சா 40.1, 39.9, 40.0ன்னு ஆடிக்கிட்டே இருக்கும், ஆளுங்க போனுக்கு மெசேஜ் மேல மெசேஜ் போகும், ரெண்டு நாள்ல எல்லாரும் ம்யூட்ல போட்டுடுவாங்க, அப்புறம் உண்மையான ஆபத்து வரும்போது யாரும் பாக்க மாட்டாங்க.

மெசேஜ் எதுல அனுப்புறதுன்னா ஆளுங்க ஏற்கனவே பாக்குற இடத்துல. டெலிகிராம் பாட் செட் பண்றது சுலபம். வாட்ஸ்ஆப் பிசினஸ் ஏபிஐல அவங்க கடைசியா நமக்கு மெசேஜ் போட்டு 24 மணி நேரம் தாண்டிடுச்சுன்னா முன்கூட்டியே அனுமதி வாங்குன டெம்ப்ளேட்டைத்தான் அனுப்ப முடியும், அதனால டெம்ப்ளேட்டை முதல்லயே எழுதிக் குடுத்துடுங்க. ஷிப்ட்ல இல்லாதவங்களுக்கு அனுப்பாதீங்க, லீவு நாள்ல வேலை மெசேஜ் வந்தா யாருக்கும் பிடிக்காது.

இடி மின்னல்

இதுக்கு மணிவாரி முன்னறிவிப்பை நம்பாதீங்க. ஓப்பன்-மீட்டியோல 95-ன்னு கோடு வந்தா இடிமழைன்னு அர்த்தம், ஓப்பன்வெதர்ல 200-ல ஆரம்பிக்கிற கோடெல்லாம் இடிமழை, ஆனா அது "வரலாம்"ங்கிறதைச் சொல்ற எண், மின்னல் இப்ப எங்க அடிக்குதுன்னு சொல்ற எண் இல்ல. காலைல "மதியம் இடி வரலாம், ஷெல்டர் எங்கன்னு பார்த்து வச்சுக்கோங்க"ன்னு சொல்ல இது உதவும், அதோட சரி. அரசு எச்சரிக்கை வந்தா அதை வெப்ஹூக் மூலமா உடனே அனுப்புற மாதிரி தனி ஃப்ளோ வைங்க. இடிச் சத்தம் கேட்டாலே உள்ள போயிடணும், கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் கழிச்சுத்தான் வெளிய வரணும், இது மெசேஜ் வந்துச்சோ வரலையோ எல்லாருக்கும் பொதுவான விதி. ஆட்டோமேஷன் அந்த 30 நிமிஷத்தை எண்ணி "இன்னும் போகாதீங்க"ன்னு ஞாபகப்படுத்தலாம், "இப்ப போலாம்"னு சொல்ற வேலையை அதுக்குக் குடுக்காதீங்க, அதை சைட்ல நிக்குற ஆள்தான் சொல்லணும்.

எங்கெங்க உடையும்

ஏபிஐ ஒருநாள் பதில் தராது, அது நிச்சயம். அன்னைக்கு மழைக் கட்டத்துல 0-ன்னு எழுதிடாதீங்க, காலியா விடுங்க. 0-ன்னா மழை இல்லன்னு அர்த்தம், காலின்னா தெரியலன்னு அர்த்தம், இந்த வித்தியாசத்துலதான் ஒருத்தரோட அரைநாள் சம்பளமே நிக்கலாம். பல ஸ்கிரிப்ட்ல காலியைத் தானா 0-ஆ மாத்துற பழக்கம் இருக்கும், அதைக் கண்டிப்பா செக் பண்ணுங்க.

429-ன்னு பதில் வந்தா நாம ரொம்ப வேகமா கேக்குறோம்னு அர்த்தம், கொஞ்சம் காத்திருந்து திரும்பக் கேளு, ஒவ்வொரு தடவையும் காத்திருக்குற நேரத்தை இரட்டிப்பாக்குன்னு வைங்க. அடுத்தது டூப்ளிகேட். அதே மூணு நாளை தினமும் எடுக்குறோம், அப்போ அதே வரி மூணு தடவை விழும், அதைத் தடுக்க சைட் ஐடியையும் யுடிசி மணியையும் ஒட்டி ஒரு சாவி செய்ங்க, அந்தச் சாவி ஏற்கனவே ஷீட்ல இருந்தா மேல எழுது, இல்லன்னா புது வரி சேரு. என்ட்ரி பக்கத்துக்கு டைம் ஆப்போட என்ட்ரி ஐடியே சாவி. ஏபிஐ கீயை ஷீட் கட்டத்துல ஒட்டி வைக்காதீங்க, ஷீட்டை யாரோட பகிர்ந்தாலும் கீயும் போயிடும், ஆப்ஸ் ஸ்கிரிப்ட்ல ஸ்கிரிப்ட் ப்ராப்பர்ட்டீஸ்லயும் என்8என்ல க்ரெடென்ஷியல்ஸ்லயும் வைங்க.

துல்லியத்தைப் பத்தி ஆற அமர யோசிக்கணும். மாடல் டேட்டா ஒரு பெரிய கட்டத்துக்கான சராசரி, ஐரோப்பிய வானிலை மையத்தோட மாடல் கட்டமே சுமார் 9 கிலோமீட்டர். இந்தத் தெருவுல மழை, அடுத்த தெருவுல வெயில்ங்கிறது அதுல தெரியாது. அதனால ராத்திரி எழுதுன எண்ணை "தற்காலிகம்"னு குறிச்சு வைங்க, ஒரு வாரம் கழிச்சு அதே தேதிக்கு ஈஆர்ஏ5 மாதிரி மறுஆய்வு டேட்டாவை (பழைய அளவீடுகளையும் மாடலையும் சேர்த்து பின்னாடி திரும்பக் கணக்கிட்டது) எடுத்துப் பக்கத்துல இன்னொரு கட்டத்துல எழுதுங்க, அது 1940-ல இருந்தே இருக்கு, சுமார் 5 நாள் தாமதமா வரும். அதோட கட்டம் சுமார் 31 கி.மீ., அதனால சைட்ல பெஞ்ச மழைக்கு அது கடைசித் தீர்ப்பு இல்ல, ஒப்பிட்டுப் பாக்கத்தான். பழைய எண்ணை அழிக்காதீங்க, ரெண்டும் இருக்கட்டும். பெரிய சைட்னா ஒரு மழைமானி வச்சுடுங்க, குட்டி வாளி கவிழுற மாதிரி இருக்கும், ஒரு கவிழ்ப்புக்கு 0.2 மி.மீ.ன்னு கணக்கு, டேவிஸ் மாதிரி கம்பெனிக் கருவிகள்ல இருந்து டேட்டாவை நேரா எடுக்கலாம். அதுல இலை தூசி அடைச்சா மழையே பெய்யாத மாதிரி காட்டும், மாசம் ஒருதடவை சுத்தம் பண்ண ஒரு ஆளோட டைம் ஆப்லயே டாஸ்க் போட்டு விடுங்க.

கான்ட்ராக்ட் விஷயத்துக்கு இந்த ஷீட்டை ஆதாரமா குடுக்கப் போறீங்கன்னா முதல்ல கான்ட்ராக்ட்டைப் படிங்க. என்ஈசி (பிரிட்டனோட கட்டுமான ஒப்பந்த வடிவம்) கான்ட்ராக்ட்ல பத்து வருஷத்துல ஒருதடவைக்கும் குறைவா வர்ற அளவுக்கு வானிலை மோசமா இருந்தாதான் இழப்பீடு, அதுவும் கான்ட்ராக்ட்ல குறிச்ச இடத்துல அளந்த எண்தான் செல்லும். ஃபிடிக் (சர்வதேச கட்டுமான ஒப்பந்த வடிவம்) கான்ட்ராக்ட்ல அசாதாரணமான மோசமான வானிலைக்கு நாள் கூட்டித் தருவாங்க. ரெண்டுலயும் நம்ம மாடல் எண் மட்டும் போதாது, ஆனா எந்த மணில எத்தனை பேர் வேலையை நிறுத்துனாங்கங்கிற பாதி ஆதாரம் நம்மகிட்ட இருந்துதான் வரணும், அதுக்கு இந்த ஷீட் கெட்டியா நிக்கும்.

எல்லாம் கட்டி முடிச்சதும் உடனே எல்லாருக்கும் ஆன் பண்ணிடாதீங்க. முதல் ரெண்டு வாரம் எல்லா மெசேஜும் உங்களுக்கு மட்டும் வரட்டும், சைட்ல இருக்குற ஒருத்தரை மழை எப்போ ஆரம்பிச்சுது எப்போ நின்னுச்சுன்னு கையால எழுதச் சொல்லுங்க, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ஒரு மணி தள்ளி இருக்கா, அரை மணி தள்ளி இருக்கா, காத்து எண் 3.6 மடங்கு குறையுதான்னு அப்போதே கண்ணுல பட்டுடும். வரம்பையும் அந்த ரெண்டு வாரத்துலயே திருத்துங்க, பத்து எச்சரிக்கைல எட்டு வீண்னா வரம்பு தப்பு.

அப்புறம் ஆளுங்களுக்கு ஷீட்டைத் திறந்து விடுங்க, ஒவ்வொருத்தரும் தன்னோட வரியைப் பாக்குற மாதிரி மட்டும். குறிப்புக்குப் பக்கத்துல இன்னொரு கட்டம் வைங்க, "மழை பெஞ்சப்போ உள்ள கம்பி வளைச்சோம்", "இங்க மழையே இல்ல"ன்னு அவங்க எழுதுறதுக்கு. ஸ்கிரிப்ட் எத்தனை தடவை திரும்ப ஓடுனாலும் அந்தக் கட்டத்தை மட்டும் தொடாத மாதிரி எழுதுங்க, சம்பளம் போடுறவர் முதல்ல படிக்கிறது அந்தக் கட்டமா இருக்குற மாதிரி அதை இடது பக்கம் கொண்டு வந்து வைங்க.